சீட்டுக்கட்டைக் குழந்தைகள் கையில் கொடுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று எந்த ஊருக்குப் போனாலும் சரி, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு பழக ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொடுங்கள் என்று சொன்னால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “படிக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க அந்தக் கருமம்?” கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் இதே பேச்சு. மலையிறங்கிப் பழனிக்குப் போனாலும் இதே பேச்சு. ஆசிரியர்களில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். சீட்டு குடும்பத்தைக் கெடுக்கும். கணக்கு என்பது வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து நோட்டில் எழுதிப் பழகுவது. விளையாட்டு என்பது படிப்பை முடித்த பிறகு கொடுக்கும் சலுகை. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு நம்பிக்கை நம்மிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் தவறு. இரண்டாவதுதான் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய கெடுதல் செய்கிறது என்றாலும், முதலாவதைத் தாண்டாமல் யாரும் அதைக் காதில் வாங்கப்போவதில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெற்றோரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பூண்டு விற்ற காசைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த ஆண்களை இந்த மலை பார்த்திருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு முழுக்கப் படித்தோம். அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கு முன்னால் யாரும் சீட்டாட்டத்தின் பெருமை பேச முடியாது. ஆனால் அந்த வீடுகளைக் கெடுத்தது எது? பணயம். காகிதத்தில் அச்சடித்த ஏழும் எட்டும் யாரையும் கெடுத்ததில்லை.

சட்டத்துக்கு இந்த வேறுபாடு நெடுங்காலமாகத் தெரியும். 1930ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டமே திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1967இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய சட்டத்தில் ரம்மியும் போக்கரும் தடைப்பட்டியலில் இருந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் நீக்கிவிட்டுச் சட்டத்தின் மற்ற பகுதியை நிற்கவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் மொத்தமாகத் தடைசெய்தது. இத்தனை வழக்கும் வாதமும் காசைச் சுற்றியே நடந்தன. காசில்லாமல் ஓர் அப்பத்தாவும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவதை இந்தச் சட்டங்களில் ஒன்றும் தொடவில்லை.

மரபைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் பதில் உண்டு. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம், தொண்ணூற்று நான்காவது, இருக்கிறது. வள்ளுவர் காலத்தில் நாம் இன்று ஆடும் சீட்டே கிடையாது. அவர் கடிந்தது பொருளை வைத்துத் தோற்கும் வெறியை. மகாபாரதத்தில் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் தோற்கவைத்தது உருட்டிய காய். அந்த உருட்டுதலின் உறவுக்காரப் பிள்ளைதான் தாயம். அதை இன்று பாரம்பரிய விளையாட்டு என்று பள்ளி விழாவில் மேடையேற்றிக் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான், தாயம் நல்ல ஆட்டம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவதைப் புண்ணியமாகவே நினைக்கிறோம். அதிலும் காய் உருட்டித்தான் கட்டத்தில் ஏறுகிறோம், பாம்பு கடித்து இறங்குகிறோம். காசை எடுத்துவிட்டதும் பகடை தூய்மையாகிவிட்டது என்றால், சீட்டுக்கு மட்டும் அந்த மன்னிப்பு ஏன் இல்லை? வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு சாக்கு சொல்வார்கள். முகலாயர் காலத்திலேயே இந்த நாட்டில் கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டு புழங்கியது. எட்டு இனம், இனத்துக்குப் பன்னிரண்டு, ஆக 96 சீட்டு. மைசூரு அரண்மனையில் அதற்கென்று தனி வகைகளே உருவாயின. அதில் ஒரு நுணுக்கம் என்னை எப்போதும் வியக்கவைக்கும்: பாதி இனங்களில் எண்களின் வரிசை தலைகீழ். ஒன்று பெரியது, பத்து சிறியது. பெரிது சிறிது என்பதையே இரண்டு விதமாக மனத்தில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம்.

கணக்கு என்றால் எண்களைச் சொல்வதும் எழுதுவதும் என்று நினைக்கிறோம். எல்கேஜி பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தால் வீட்டுக்கு வந்த விருந்தாளி முன் நிறுத்திச் சொல்லவைக்கிறோம். நான்கு வயதில் விரல் வலிக்க நூறு வரை எழுதவைக்கும் பள்ளிக்கே கூட்டம் சேர்கிறது. அந்தப் பிள்ளையிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். நாற்பதுக்கு முந்தின எண் எது? எட்டு பெரிதா ஆறு பெரிதா, எவ்வளவு பெரிது? பத்து ஆக ஏழுக்கு இன்னும் எத்தனை வேண்டும்? பல பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒப்பிக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாட்டு மாதிரி ஒரு வரிசை. நடுவில் நிறுத்தினால் அடி தெரியாமல் போய்விடும்.

எண்ணுணர்வு என்று கல்வியாளர்கள் சொல்வது இந்த வரிசைக்கு அடியில் இருக்க வேண்டிய ஒன்று. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் 1997இல் இதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். அளவை மனத்தால் உணர்வது, கைக்குழந்தையிடமும் விலங்குகளிடமும்கூட ஓரளவு இருக்கிறது. மூன்று நான்கு பொருளை எண்ணாமலே பார்த்த கணத்தில் அறிகிறோம். பள்ளி செய்ய வேண்டிய வேலை, பிறவியிலேயே உள்ள அந்த உணர்வை ‘7’ என்ற குறியோடும் ‘ஏழு’ என்ற ஒலியோடும் பிணைப்பது. பிணைப்பு உறுதியாகிவிட்டால் கூட்டலும் கழித்தலும் அதன் மேல் நிற்கும். உறுதியாகவில்லை என்றால் மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும்போது எல்லாம் சரிந்துவிடும். பெற்றோர் அப்போதுதான் “எம் புள்ளைக்குக் கணக்கு வரல” என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.

ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள். மூலையில் எண் இருக்கிறது. நடுவில் அத்தனை புள்ளி இருக்கிறது, இஸ்பேட்டோ கிளாவரோ எதுவானாலும். அந்தப் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறவில்லை. ஆறு என்றால் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஏழு அதே ஆறின் நடுவே ஒன்று கூடியது. எட்டில் இரண்டு கூடியது. ஒன்பது நாலும் நாலும் நடுவில் ஒன்றும். பத்து நாலும் நாலும் நடுவில் இரண்டும். எண்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கும் பாடம் முழுவதும் அந்தக் காகிதத்திலேயே வரைந்திருக்கிறது. இதைவிடக் கச்சிதமாக ஒரு பாட உபகரணத்தை யாராவது திட்டமிட்டுச் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

மேல்மலையில் ஒரு வீட்டில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை, வாசல் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், காட்டு வேலைக்குப் போக முடியாத நாள். ஒன்றாம் வகுப்புச் சிறுமியும் அவள் அப்பத்தாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ராஜா, ராணி, ஜாக்கி, ஜோக்கரை எடுத்துவிட்டு நாற்பது சீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இருவரும் மேல் சீட்டைத் திருப்ப வேண்டும், பெரிய எண் வைத்திருப்பவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் விதி. தொடக்கத்தில் அவள் ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டு எண்ணினாள். எட்டை எண்ணி முடித்து, அப்பத்தாவின் ஆறையும் எண்ணி முடித்து, அதற்குப் பிறகுதான் எது பெரிது என்று சொன்னாள். சில வாரம் கழித்துப் போனபோது விரல் சீட்டைத் தொடவில்லை. அவள் போட்டது ஒன்பது, அப்பத்தா போட்டது பத்து. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒனக்கு நடுவுல ரெண்டு இருக்கு அப்பத்தா, எனக்கு ஒண்ணுதான். நீயே எடுத்துக்க.”

பிறகு ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டுக் கூட்டிப் பார்க்கும் ஆட்டத்துக்கு மாறினார்கள். அப்பத்தாவுக்கு ஐந்தும் நாலும். பேத்திக்கு ஆறும் நாலும். ஒன்பது, பத்து என்று கூட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூட்டவே இல்லை. “நாலும் நாலும் சரியாப் போச்சு. ஆறுதான் பெருசு” என்று நாலு சீட்டையும் வாரிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது பின்னாளில் இயற்கணிதத்தில் வரும் வேலை. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஜெயிக்க வேண்டும், சீக்கிரம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை சொல்லித்தந்தது. அவளுடைய பள்ளி நோட்டில் கூட்டல் கணக்குகள் பக்கம் பக்கமாக இருந்தன, எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. இப்படி ஒரு சிந்தனைக்கு அந்த நோட்டில் இடமே இல்லை.

ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே முடிவு சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயம். ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் கமி, 1980களில் அமெரிக்காவின் அலபாமாவில் முதல் வகுப்புக் கணக்கைப் பயிற்சித்தாள் இல்லாமல் விளையாட்டாலும் பேச்சாலும் நடத்திப் புத்தகம் எழுதினார். நான் சொன்ன அந்த இரண்டு சீட்டு ஆட்டம் அந்த வகுப்பிலும் நடந்தது. 2008இல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமானியும் ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட ஒரு பலகையில், வறிய வீட்டுப் பிள்ளைகளை இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஆடவைத்தார்கள். எண் கட்டத்தில் ஆடிய பிள்ளைகளின் எண்ணறிவு உயர்ந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டி ஆடியவர்களுக்கு உயரவில்லை. நம் பரமபதத்துக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் பலகை.

2017இல் ராமானியும் சக ஆய்வாளர்களும் சீட்டையே கையில் எடுத்தார்கள். அதில் முதலில் தெரியவந்தது என்னை மிகவும் உலுக்கியது. வறிய வீட்டுப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று சொல்வதில் சமமாக இருந்தார்கள். எண்குறிகளில் எது பெரிது என்று கேட்டபோதுதான் வறியவர்கள் பின்தங்கினார்கள். அறிவில் குறை ஒன்றும் இல்லை, குறிக்கும் அளவுக்கும் நடுவே உள்ள பாலம்தான் அவர்களுக்குக் கட்டித்தரப்படவில்லை. பிறகு எண்ணும் புள்ளியும் சேர்ந்திருக்கும் சீட்டில், அப்பத்தாவும் பேத்தியும் ஆடிய அதே பெரிது-சிறிது ஆட்டத்தை மூன்று வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி ஆடவைத்தார்கள். அப்படி ஆடிய வறிய வீட்டுப் பிள்ளைகள் எண்குறிகளை ஒப்பிடுவதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு சமமாக வந்து நின்றார்கள்.

எனக்குப் பாதகமாகத் தோன்றும் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி, மோய்ரா டில்லன் ஆகியோர் டெல்லியில் 1,540 பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கணக்கு விளையாட்டுகளில் ஈடுபடுத்தி 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் அளவுணர்வு நன்றாக வளர்ந்தது, நெடுநாள் நிலைத்தும் நின்றது. ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் அது எதிரொலிக்கவில்லை. விளையாட்டுக் கல்வியை எதிர்ப்பவர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பார்கள். அந்த விளையாட்டுகள் பள்ளியின் எண்குறிகளைச் சாராமல், அளவையும் வடிவத்தையும் சுற்றியே அமைந்தவை என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது: விளையாட்டு மட்டும் போதாது, எண்குறி உள்ளேயே இருக்கும் விளையாட்டு வேண்டும். 2025இல் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. எடையையும் விலையையும் மீதிச் சில்லறையையும் மனக்கணக்காகவே போடுகிற சிறுவர்கள் தாளில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்றுவிட்டு வரும் அப்பாவின் மனக்கணக்குக்கும் அவர் மகளின் நோட்டுக் கணக்குக்கும் நடுவே உள்ள பள்ளம் இதுதான். அந்தப் பள்ளத்தின் இரண்டு கரையிலும் கால் வைத்து நிற்கிற பொருள் சீட்டு.

பல்லாங்குழி போதாதா என்பது அடுத்த கேள்வி. பல்லாங்குழியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொன்றாக இட்டுப் போகிற அந்தக் கை, எண்ணுதலின் அடிப்படையை உடம்பிலேயே எழுதிவிடுகிறது. ஆனால் குழியில் எண்குறி இல்லை. இரண்டும் வேண்டும். செல்போனில் கணக்கு விளையாட்டு இருக்கிறதே என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சூதாட்டத்துக்குப் பயந்து காகிதச் சீட்டை ஒளித்துவைக்கும் வீட்டில், காசு பறிக்கும் ஆட்டங்கள் விளம்பரமாக வந்து விழுந்த அதே கருவியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள்?

வாய்ப்பாட்டுக்காரர்கள் திண்ணைப் பள்ளியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எண்சுவடியை மனப்பாடம் செய்துதானே நம் முன்னோர் கணக்கில் புலியானார்கள் என்பார்கள். புதுச்சேரியில் அந்த மரபை ஆராய்ந்த செந்தில்பாபு 2022இல் வெளியிட்ட நூலைப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. அங்கே மனப்பாடம் தனித்து நிற்கவில்லை. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் ஊரில் நடந்த கணக்குகளோடு சேர்ந்தே அது நடந்தது. ஒப்பித்தலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வேலை செய்த உலகத்தை விட்டுவிட்டோம். எண்களோடு நட்பு உண்டான பிறகு வாய்ப்பாடு வரட்டும், ஏழாம் வயதிலோ எட்டாம் வயதிலோ. அதற்கு முன் வந்தால் வெறும் ஓசை.

மூன்றாவது நம்பிக்கை, விளையாட்டு வேறு படிப்பு வேறு என்பது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்று நாலு ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. கேரளத்தில் ஆடும் இருபத்தெட்டும் இதே அச்சில் வார்த்ததுதான். பள்ளியில் கணக்கு வரவில்லை என்று விரட்டப்பட்டவர்கள் இந்த ஆட்டங்களில் எத்தனை போயிற்று, எத்தனை மிச்சம், எதிராளி கையில் என்ன இருக்கும் என்று நொடிக்கு நொடி கணக்கிடுகிறார்கள். சிறு வயது ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கலந்திருப்பதும் நல்லதே. மெதுவாகக் கற்கும் பிள்ளையும் சில கை ஜெயிக்கிறது. அதனால் நாளைக்கும் ஆட வருகிறது. வகுப்பில் முந்துகிறவனே தினமும் முந்துவான். பிந்துகிற பிள்ளைக்கு மறுநாள் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது.

சீட்டால் முடியாதவையும் உண்டு. இடமதிப்பைச் சீட்டு முழுமையாகக் கற்றுத்தராது. பின்னத்துக்கு வேறு பொருள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்கும் ஓர் ஆள் இல்லாமல் பாதிப் பயன் போய்விடும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வரை உள்ள சீட்டு போதும். ஏஸ் மேல் இருக்கும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 1 என்று எழுதிவிடுங்கள். பிறகு பத்து வரை. அதற்குப் பிறகு பத்து ஆகும் ஜோடிகளைத் தேடும் ஆட்டம், பிறகு கழுதை என்ற சீட்டாட்டம். பந்தயம் மட்டும் எந்த வடிவிலும் கூடாது. புளியங்கொட்டைகூட வேண்டாம், தீக்குச்சிகூட வேண்டாம். இதில் நான் எந்தப் பெற்றோரையும்விடக் கண்டிப்பானவன்.

அரசிடம் கேட்பதும் பெரிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் நம் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத்தான் படித்தார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடலையும் பாடலையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. எதிரே ஒருவரை உட்காரவைத்து, அவர் கையையும் தன் கையையும் ஒப்பிட்டு முடிவெடுக்கவைக்கும் ஆட்டம் அதன் அடுத்த படியாக வரலாம். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற மலைப் பள்ளிகளில், மழைக்கால அங்கன்வாடிகளில், பிள்ளைக்கு அரைக்கட்டு என்று கொடுத்தால் போதும். ‘அங்கன்வாடியில் சீட்டாட்டம்’ என்று யாராவது புகார் எழுதுவார்கள் என்ற பயத்தில்தான் அதிகாரிகள் ஒதுங்குவார்கள். புகார் வரட்டும். எழுதியவரையும் ஊர்ப் பெற்றோரையும் அழைத்து, அவரவர் பிள்ளைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு கட்டு முழுக்க ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கைக்கும் எது பெரிது, ஏன் பெரிது என்று பிள்ளையே வாய்விட்டுச் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் வேண்டாம் என்கிற பெற்றோரோடு நான் மறுபடி வாதாடத் தயார்.